‘வேணும்’ என்ற சொல்

பாளையங்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில் நான் பதினோரு வருஷம் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்தேன். சாட்சி தமிழில் சொல்வதை ஜட்ஜ் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரை கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நினைப்பு யாருடையதோ, தொண்டை மட்டும் என்னுடையது. இதில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. மதராஸிலிருந்து வரும் பாரிஸ்டர்களுக்கே எங்கள் பக்கத்துப் பேச்சு பிடிபடாது. நான் இருந்தால்தான் கோர்ட்டு நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கர்வத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதன் தூக்கில் தொங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

வழக்கு அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தது. கார் பருவ நெல் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்ட சமயம். முறை வைத்துத்தான் ஒவ்வொருவரும் மடை திறக்க வேண்டும். குற்றவாளிக் கூண்டில் நின்றவன் நாற்பது வயதுச் சம்சாரி; விவசாயியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. அவனுடைய முறையில் அவன் மனைவியின் அண்ணன் மடையைத் திறந்துகொண்டான் என்று இருவருக்கும் தகராறு. ஊரார் பத்துப் பேர் பார்க்க, “வெட்டிப் பொதைச்சிருவேன்” என்று இவன் கத்தியிருக்கிறான். மறுநாள் மத்தியானம் அந்த மைத்துனன் வாய்க்கால் கரையில் மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் இவனுடைய மண்வெட்டி. செத்தவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இவன் உட்கார்ந்திருந்தான், வேட்டியெல்லாம் ரத்தம்.

இவன் சொன்னது இதுதான்: “மம்பட்டிய காலையிலேயே மடையில போட்டுட்டுத் தோப்புக்குப் போயிட்டேன். ஒரு சத்தமும் கேக்கல. தண்ணி பாக்க வந்தேன், கெடந்தாரு.” வெட்டியதைப் பார்த்தவர் எவரும் இல்லை. “வெட்டிப் பொதைச்சிருவேன்” என்பதை நான் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்தேன். மூன்று தரம் கூப்பிட்டும் சாப்பிட வராத பிள்ளையிடம் எங்கள் ஊர்த் தாய்மார் சொல்லும் வார்த்தை அது. இங்கிலீஷில் கேட்டபோது எனக்கே முதுகு சில்லிட்டது. சாட்சி அழுதால் நான் அழக்கூடாது, சிரித்தால் சிரிக்கக்கூடாது. ஆகவே விளக்கம் ஒன்றும் சேர்க்காமல் சும்மா இருந்தேன். அங்கே சும்மா இருந்தவன், சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்தேனா?

சாட்சி விசாரணை மூன்று நாள் நடந்தது. கடைசியில் துரை, “இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கூண்டில் நின்றவன் துரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாசல் பக்கம் கும்பலுக்குப் பின்னால் நின்ற அவன் பெண்சாதியைப் பார்த்தான். செத்தவனுக்குத் தங்கை, இவனுக்கு மனைவி; எந்தப் பக்கம் அழுவது என்று தெரியாமல் நின்ற பெண். அவளைப் பார்த்தபடி, “எனக்கு வேணும். நல்லா வேணும் எனக்கு” என்றான். முகம் கோணி, குழந்தை அழுவது மாதிரி அழுதான்.

துரை பேனாவை நிறுத்தினார். அவர் பரீட்சை எழுதித் தமிழ் தேறியவர். முன்ஷி சொல்லிக்கொடுத்த தமிழில் ‘வேண்டும்’ என்றால் ஆசைப்படுவது, தேவைப்படுவது. “இவனுக்கு என்ன வேண்டுமாம்?” என்று என்னிடம் கேட்டார்.

நான் லேசாகச் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. “அவன் ஒன்றும் கேட்கவில்லை. இது இந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கு. ‘இந்தத் தண்டனைக்கு நான் உரியவன்’ என்று அர்த்தம்” என்று இங்கிலீஷில் விளக்கினேன்.

“நிச்சயமாகவா?”

“சந்தேகமே இல்லை.”

துரை எழுதிக்கொண்டார். தண்டனை என்ற சொல் அந்த மனிதன் வாயில் வரவே இல்லை என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஞாயிறுதோறும் மிஷன் கோயிலில் பாவம், அறிக்கை, ஆக்கினைத் தீர்ப்பு என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஒருவன் அழுதுகொண்டு ‘வேணும்’ என்றால் அவன் பாவ அறிக்கை செய்கிறான் என்றே என் காது கேட்டது.

அந்த நாளில் கொலை வழக்கில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் ஜட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு அபிப்பிராயம் சொல்வார்கள். அசெஸர்கள் என்று பெயர். ஏற்பதும் தள்ளுவதும் ஜட்ஜின் இஷ்டம். மூன்று அசெஸர்களும் குற்றவாளி இல்லை என்றார்கள். துரை தள்ளிவிட்டார். மறுநாள் தீர்ப்பு, மரண தண்டனை. மதராஸ் ஹைகோர்ட்டு ஊர்ஜிதம் செய்தால் தூக்கு.

கோர்ட்டு வாசலில் அசெஸர்களில் ஒருவர் என்னை மறித்தார். ஏரலில் கருப்பட்டி வியாபாரம் செய்த அண்ணாச்சி. எப்போதும் வெற்றிலையும் சிரிப்புமாக இருப்பவர். அன்றைக்கு முகம் கறுத்திருந்தது.

“என்ன வே, இங்கிலீசு படிச்சதுல தமிழு மறந்துபோச்சா உமக்கு?”

“என்ன அண்ணாச்சி?”

“‘எனக்கு வேணும்’னு எல்லாருந்தாம் சொல்லுதோம். பொஞ்சாதி சொல்லச் சொல்லக் கேக்காம மழையில நனைஞ்சு காய்ச்ச வந்தா, நாங்கூடத்தாம் சொல்லுவேன், ‘எனக்கு நல்லா வேணும்’னு. அதுக்குத் தூக்குல போட்டுருவீயளா வே?”

 அவர் விடவில்லை.

“அன்னைக்கிக் காலையில அவன் பொஞ்சாதி, வாய்க்கா பக்கம் போவாதீயன்னு தடுத்திருக்கா. அவளே சாட்சி சொன்னாள்லா? அத நெனச்சு அவளப் பாத்துச் சொல்லுதான். இதுகூடத் தெரியலையா உமக்கு?”

அவர் போய்விட்டார். என் கால்கள் வீட்டுக்குப் போகும் வழியை விட்டு ஆற்றுப் பக்கம் போயின. பாலத்தின் மேல் வெகுநேரம் நின்றேன். கீழே பெண்கள் குடம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். ‘வேணும், வேணும்’ என்று நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போயிற்று. பயம் பிடித்துக்கொண்டது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. ஒரு உயிர் என் நாக்கு நுனியில் தொங்குகிறது, அதை இறக்கி வைக்க எனக்கு வழி தெரியவில்லை என்ற பயம்.

என் மனைவி மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.  “தப்புச் செய்த பிள்ளையிடம் ‘உனக்கு எத்தனை அடி வேணும்?’ என்று நான் கேட்பதுண்டு. ‘ரெண்டு, டீச்சர்’ என்று கையை நீட்டும். அடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விடும். மன்னித்து விட்டுவிட்டால் சாயங்காலம் வரை மூலையில் உட்கார்ந்து அழும்” என்றாள்.

“செய்யாத பிள்ளையிடம் கேட்டால்?” என்றேன்.

“அதுவும் கையை நீட்டும். நான் கேட்கிற தோரணை அப்படி” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டாள் என்று ரொம்ப நாள் கழித்து அறிந்தேன்.

தீர்ப்பைத் தமிழில் பெயர்த்துக் கைதிக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. அதற்காக உட்கார்ந்தபோது என் பழைய வாக்கியம் என்னிடமே திரும்பி வந்தது. ‘இத்தண்டனைக்குத் தான் உரியவன் என்று கைதியே இறுதியில் ஒப்புக்கொண்டிருப்பதால், அசெஸர்களின் அபிப்பிராயத்தை ஏற்க இயலவில்லை’ என்று எழுதினேன். 

மறுநாள் காலை ஜெயிலுக்குப் போய் வாசித்தேன். கம்பிக்கு உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வாக்கியம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

“இது யாரு சொன்னது, ஐயா?”

“நீ சொன்னதுதான்.”

“நானா? நான் இப்பிடில்லாம் பேச மாட்டேனே.”

“‘எனக்கு வேணும்’னு சொன்னியே, கோர்ட்டுல.”

தலையைக் குனிந்துகொண்டான். “ஆமா. அது சொன்னேன்.”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவசரமாகக் கேட்டேன். “பொஞ்சாதி பேச்சைக் கேக்காமப் போனதுக்குத்தானே அப்பிடிச் சொன்னே? சும்மா மனசு நொந்து சொன்னதுதானே?” ஆமாம் என்று சொல்லு, சொல்லு என்று என் உள்ளம் கெஞ்சியது. அந்த ஒரு ‘ஆமா’ கிடைத்தால் போதும், துரையின் காலில் விழுந்தாவது திருத்திவிடுவேன்.

“இல்ல ஐயா” என்றான்.



“நான் கோர்ட்டுல ஒரு பொய் சொல்லிட்டேன். தோப்புக்கு நான் போவல. அடுத்த வயக்காட்டு வரப்புல உக்காந்து வெத்தல போட்டுட்டு இருந்தேன். இடையில சோளக்கொல்லை, ஒண்ணும் தெரியாது. ‘ஏ மாப்ள, ஏ மாப்ள’ன்னு மச்சான் சத்தம் கேட்டுது. என்னத்தாம் கூப்பிடுதாரு. யாரோ போட்டு அடிக்காகன்னு வெளங்கிட்டு. நேத்து என் மடையத் தொறந்தேல்லா, நல்லா வேணும் உனக்குன்னு நெனச்சேன். எந்திரிக்கல. வெத்தலைய மென்னு துப்பிட்டுப் பைய எந்திரிச்சுப் போனேன். கெடந்தாரு.”

“அடிச்சது யாரு?”

“பாக்கலையே ஐயா. கூப்பிட்ட ஒடனே எந்திரிச்சிருந்தா பாத்திருப்பேன்.”

 பிறகு கேட்டான். “ஐயா, எனக்கு ஒண்ணு தெரியணும். நான் போவாம இருந்ததுக்குத் தூக்குப் போடுதாகளா, கொன்னேன்னு போடுதாகளா?”

“கொன்னதாகத்தான்.”

“அது நான் இல்லையே. போவாம இருந்ததுக்குன்னா எத்தன வருசம்னாலும் கெடக்கேன். கொலகாரன்னு சொல்லித் தொங்க விடவேண்டாம்னு தொரைட்ட சொல்லுங்க. என் பொஞ்சாதி அவுக அண்ணனக் கொன்னவன் கெட்டுன தாலியச் சொமந்திருந்தோம்னு நெனைக்கப்படாது.”

கூப்பிட்ட குரலுக்குப் போகாமல் இருந்ததற்கு இங்கிலீஷ்காரன் சட்டத்தில் ஒரு செக்‌ஷனும் கிடையாது. அதை அவனிடம் நான் சொல்லவில்லை. வெளியே வந்து ஜெயில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். என் மொழிபெயர்ப்பு சரி! அவன் அப்படித்தான் நினைத்திருக்கிறான். தனக்குத் தண்டனை தகும் என்றுதான் சொன்னான். ஆனால் வேறு குற்றத்துக்கு. இதை எந்தப் பாஷையில் போய் யாரிடம் சொல்வேன்? உள்ளதை உள்ளபடி சொன்னால், கோர்ட்டில் பொய் சொன்னான், சம்பவ இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தான், சாகட்டும் என்று நினைத்தான் என்று ஆகும். அசெஸர்களே ‘போடுங்கள் கயிற்றை’ என்பார்கள். பொய் சொன்னால் ஒருவேளை பிழைப்பான். உண்மை பேசினால் சாவான். உண்மையைத் தவிர வேறொன்றும் பேசேன் என்று தினமும் பத்துப் பேருக்குப் பிரமாணம் செய்துவைத்தவன் நான்.

துரையை அவருடைய பங்களாவில் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. ‘வேணும்’ என்பதற்கு மனநோவு என்றும் ஒரு பொருள் உண்டு என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

“தீர்ப்பு அந்த ஒரு வாக்கியத்தில் நிற்கவில்லை” என்றார். “ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒருவனைத் தூக்குக்கு அனுப்புவது எனக்குச் சுலபமான காரியம் இல்லை. அவனே தனக்கு அது தகும் என்று சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவன் ஏற்றுக்கொள்ளாத தண்டனை வெறும் பலாத்காரம்தானே?”

“அவன் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால்?”

“அப்போதும் தண்டிக்கத்தான் வேண்டும். செத்தவனுக்காக இல்லை, இருப்பவர்களுக்காக. வாய்க்கால் தண்ணீருக்காக இந்த ஜில்லாவில் இனி எவனும் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது.”

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. “அதற்கு யாரைத் தூக்கிலிட்டாலும் போதுமே. செய்தவனாகத்தான் இருக்க வேண்டுமா?” என்று கேட்டுவிட்டேன்.

துரை நாற்காலியை விட்டு எழுந்தார். “எழுதிக் கொடுங்கள். ஹைகோர்ட்டுக்கு அனுப்புகிறேன்” என்றார். கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவரிடம் பதில் இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் எழுதினேன். ‘அந்தச் சொற்கள் இப்பகுதியில் சாதாரணமாக மனம் நொந்து சொல்லும் சொற்கள்; குற்றத்தை ஒப்புக்கொள்வதாகப் பொருள்படாது.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தத்தில் பொய். ஜெயிலில் கேட்டதைப் பற்றி ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. பதில் வரும்வரை தினமும் தபால்காரனுக்காக வாசலில் காத்திருந்தேன்.  செய்தவன் எங்கேயோ அதே வாய்க்காலில் மடை திறந்துகொண்டிருப்பான் என்ற நினைப்பு வேறு. ஜெபம் செய்யக்கூட வாய் வரவில்லை, என்னவென்று கேட்பது? என் பொய் பலிக்க வேண்டும் என்றா?

பலிக்கவில்லை. ஹைகோர்ட்டு ஊர்ஜிதம் செய்துவிட்டது. விசாரணையின்போதே ஜட்ஜ் சந்தேகப்பட்டு, குறிப்பாகக் கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் ‘நிச்சயம்’ என்று விளக்கியிருக்கிறார். பிறகு யோசித்துச் சொல்லும் விளக்கத்தை ஏற்பதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் விளக்கம் சொல்லாமல் ‘அவனுக்கு ஏதோ வேண்டுமாம்’ என்று முட்டாள்தனமாகச் சொல்லியிருந்தாலே போதும். அவன் என்னால் செத்தான். இதை நான் நாகரிகமாகச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை.

தூக்கிலிட்ட காலை நான் போகவில்லை. நாலைந்து நாள் கழித்து, கோர்ட்டு வளாகத்து வேப்ப மரத்தடியில் அவன் பெண்சாதி எனக்காகக் காத்திருந்தாள். வெள்ளைச் சேலை. பொட்டு வைக்கும் இடம் வெறிச்சென்று இருந்தது. கூட யாரும் இல்லை.

“ஐயா, கடைசியா அவுகளப் பாக்க விட்டாக. ‘எல்லாத்தையும் அந்த ஐயாட்ட சொல்லியிருக்கேன், அவுகட்டக் கேட்டுக்கோ’ன்னு எம் புருசன் சொன்னாக. அவுக கொல்லலதானே?”

“இல்லை தாயீ. அவன் கொல்லல.”

அவள் அழவில்லை. பெருமூச்சு விட்டாள். “எங்க அம்மா என்னயும் பிள்ளைகளையும் வீட்டுக்குள்ள சேக்க மாட்டேங்கா. என் பிள்ளையக் கொன்னவன் பிள்ளைகன்னு சொல்லுதா. மாமியா வீட்டுலயும் நாதியில்ல. நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நீங்க கோர்ட்டுக்காரவுக. ஒரு நட வந்து, ‘ஒம் மருமவன் கொல்லல’ன்னு எங்க அம்மாட்ட ஒரு வார்த்த சொன்னியன்னா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“வாரேன். வார வெள்ளிக்கிழமை வாரேன்” என்றேன். அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் பிள்ளைகளோடு வந்து நிற்பதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, அம்பாசமுத்திரத்துக்கு டிக்கெட் எடுத்து ரயிலேறினேன். சேரன்மாதேவி வரை தைரியமாகத்தான் இருந்தேன். அதற்கப்புறம் அந்தக் கிழவி கேட்கப்போகும் கேள்விகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அவன் கொல்லவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? அவனே சொன்னான். என்ன சொன்னான்? அப்போது எங்கே இருந்தானாம்? என் பிள்ளை சாகும்போது யாரையாவது கூப்பிட்டானா? பெற்றவள் அதைக் கேட்காமல் இருக்க மாட்டாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் தெருவில்தான். பொய் சொல்லலாம், ஆனால் என் வாயிலிருந்து பொய் எப்படி வரும், எப்படிப் பிடிபடும் என்பதை ஹைகோர்ட்டே எழுதிக் காட்டிவிட்டது.

கல்லிடைக்குறிச்சியில் வண்டி நின்றது. அடுத்த ஸ்டேஷன் அம்பாசமுத்திரம். அங்கே அவள் பிள்ளைகளோடு வந்து நிற்பாள் என்று எனக்குத் தெரியும். நான் இறங்கிவிட்டேன். வண்டி போனது. திருநெல்வேலிக்குத் திரும்பும் வண்டி சாயங்காலம்தான் என்றார்கள். பிளாட்பாரத்திலேயே காத்திருந்து அதில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.